கடலோர வானிலை அறிக்கையும் சிற்றலை வானொலியும்

பெங்களூரு நகரம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிழக்கே சென்னையும் மேற்கே மங்களூரும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ளன. மரக்கலங்களுக்கென வாசிக்கப்படும் வானிலை அறிக்கையை இத்தகைய உள்நாட்டு நகரில் கேட்க இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண முற்பட்டால் சிற்றலைகளின் இயல்பு தானே விளங்கும்.

அலைகள் செல்லும் வழி

வானொலி அலை இரு வழிகளில் செல்கின்றது. ஒன்று நிலத்தை ஒட்டிச் செல்வது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இவ்வலை கடல்மீது நெடுந்தொலைவு செல்லும். வறண்ட நிலத்திலோ விரைவில் வலுவிழக்கும். மற்றொன்று வானை நோக்கிச் சென்று, 200 கிலோமீட்டருக்கு மேலுள்ள அயனி மண்டலத்தில் வளைந்து மீண்டும் பூமிக்குத் திரும்புவது. பெங்களூரை எட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அலையே.

கடல்வழிச் செய்திகளுக்கு 4, 6, 8, 12 மெகாஹெர்ட்ஸ் முதலிய பட்டைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 300 கிலோமீட்டர் தொலைவை அடைய அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலேறித் திரும்ப வேண்டும். 12 மெகாஹெர்ட்ஸ் அலை அவ்வாறு ஏறினால் பெரும்பாலும் அயனி மண்டலத்தைத் துளைத்து வெளியேறிவிடும். ஆகவே, மங்களூரிலிருந்து அப்பட்டையில் அனுப்பும் குரல் நடுக்கடலில் தெளிவாகக் கேட்க, இடையிலுள்ள பெங்களூரில் கேளாமற்போவது வியப்பன்று. பகலில் கீழடுக்கு 4 மெகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடுகின்றது. எனவே பகலில் 6 அல்லது 8, இரவில் 4 அல்லது 6 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளை முயல்க. ஏப்ரல், மே மாதங்களின் மாலை இடிமழை கரகரப்பை மிகுவிக்கும்.

கருவி

கடல்வழிக் குரல்கள் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் அனுப்பப்படுகின்றன. சாதாரண வானொலிப் பெட்டியில் அவை பொருளற்ற ஒலியாகவே கேட்கும். அம்முறையை ஏற்கும் பெட்டி தேவை. 10 முதல் 15 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பியை மின்கம்பிகளுக்கு அப்பால் கட்டினால் போதும். இடி முழங்கும்போது கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

அறிக்கையைப் பொருள்கொள்ளுதல்

இந்திய வானிலைத் துறை, கரையிலிருந்து 75 கிலோமீட்டர் வரையிலான கடலுக்குக் கடலோர அறிக்கையும், அதற்கப்பாலுள்ள கடலுக்குத் தனி அறிக்கையும் தயாரிக்கின்றது. காற்றழுத்த நிலை, காற்று, மழை, பார்வைத் தொலைவு, கடலின் கொந்தளிப்பு ஆகியவை இவற்றில் இடம்பெறும். வேகம் 'நாட்' அளவில் கூறப்படின் 1.852 ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 34 நாட் என்பது 63 கிலோமீட்டர். அவ்வேகத்தில் புயல் என்னும் பெயர் தொடங்குகின்றது. அலகை மாற்றிக் கொண்டால் புயற்காற்று வெறும் பலத்த காற்றாகத் தோன்றிவிடும். காற்றின் திசை அது வரும் திசையையே குறிக்கும்; வாடை, கொண்டல் என்னும் நம் பெயர்களும் அவ்வாறே அமைந்தவை. உலகப் பொது நேரத்துடன் ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம் கிடைக்கும்.

எட்டாத செய்தி

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் உருவானது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசியின் எல்லை கரையருகே முடிந்துவிடும். படகுகளிலுள்ள மீயுயர் அதிர்வெண் கருவியோ சில பத்துக் கிலோமீட்டரே பேசும். உயிரிழப்பு பெரிதாயிற்று. அறிவிப்பு சரியாக இருப்பது மட்டும் போதாது. அது உரியவர் செவியை அடைதலும் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இதன்பின், 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் கருவி அறிமுகமாயிற்று. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை அது பெற்று, படகிலுள்ள கைப்பேசிக்கு அளிக்கின்றது. ககன் அமைப்பின் கட்டுப்பாட்டு நிலையங்களுள் ஒன்று பெங்களூரிலேயே உள்ளது. இவ்வாறு, கடலின் செய்தியைக் கேட்க முயலும் இவ்வுள்நாட்டு நகரம் கடலுக்குச் செய்தி அனுப்பும் இடமாகவும் விளங்குகின்றது.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு ஒரு வாரம் காலை, நண்பகல், இரவு ஆகிய வேளைகளில் எந்தப் பட்டை தெளிவாகக் கேட்கின்றது என அட்டவணை எழுதச் செய்யலாம்; அயனி மண்டலத்தின் மாற்றத்தை அவர்களே கண்டறிவர். களப்பணியாளர் ஒன்றை மறவாதிருத்தல் நலம்: இரைச்சலிடையே அரைகுறையாகக் கேட்ட எச்சரிக்கையைப் பிறருக்குப் பரப்புமுன் வானிலைத் துறையின் அறிக்கையுடன் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். தவறாகக் கேட்ட ஓர் எண், கரை திரும்ப வேண்டிய படகைக் கடலிலேயே நிறுத்திவிடக்கூடும்.