முகவர் இல்லாமல் சுற்றுலா விசா: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

குளிர்காலம் வந்துவிட்டால் திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் வெளிநாட்டவரைக் காணாத நாளே இருக்காது. ரமணாசிரமத்திற்கும் கிரிவலப் பாதைக்கும் வரும் அவர்களில் பலர் எந்த முகவரையும் நாடாமல் தாமே விசா எடுத்து வந்தவர்கள். 2014 நவம்பர் 27 அன்று இந்தியா மின்னணு சுற்றுலா விசாவைத் தொடங்கிய பிறகு, வீட்டிலிருந்தபடியே படிவத்தை நிரப்பி, புகைப்படத்தையும் பாஸ்போர்ட் பக்கத்தையும் பதிவேற்றி, கட்டணம் செலுத்தி அனுமதி பெறும் வசதி அவர்களுக்குக் கிடைத்தது.

அதே ஊரில் வாழும் நம் குடும்பங்களோ, விசா என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் தேடுவது ஒரு முகவரைத்தான். எல்லா முகவர்களும் தவறானவர்கள் அல்லர். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் நிறையவே உண்டு. ஆனால் நம் பெயரில் என்ன எழுதப்படுகிறது, என்ன ஆவணம் இணைக்கப்படுகிறது என்று தெரியாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பது ஆபத்தானது. படிவத்தின் இறுதியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று உறுதி கூறுபவர் முகவர் அல்லர், நாம். பொய் இருந்தால் தண்டனையும் நமக்கே. ஆகவே, முகவரிடம் போனாலும் போகாவிட்டாலும் இந்த நடைமுறையை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

முதலில்: விசா தேவையா, நாமே விண்ணப்பிக்க முடியுமா?

நாடுகளை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, விசா தேவையில்லாத நாடுகள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாட்கள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. பயணத்திற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இத்தகைய சலுகைகள் காலவரையறை உடையவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் அந்நாட்டு அரசின் தளத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, இணையத்திலேயே பெறும் மின்னணு விசா. மூன்றாவது, இணையத்தில் படிவம் நிரப்பி, பிறகு நேரில் சென்று விரல் ரேகை கொடுக்க வேண்டிய நாடுகள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளும் பிரிட்டனும் இவ்வகை. அமெரிக்காவுக்கு விரல் ரேகையுடன் தூதரக நேர்காணலும் உண்டு. நான்காவது, முகவர் வழியாகவே விண்ணப்பிக்கச் சொல்லும் நாடுகள். சிங்கப்பூருக்கு இந்தியாவிலிருந்து செல்வோர் பொதுவாக, அந்நாட்டுத் தூதரகம் அங்கீகரித்த முகவர்கள் மூலமே விண்ணப்பிக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி 'முகவர் வேண்டுமா' என்பதன்று, 'இவர் அங்கீகரிக்கப்பட்டவரா' என்பதே.

சென்னையிலுள்ள விசா விண்ணப்ப மையங்களைப் பற்றி ஒரு தெளிவு தேவை. அவை படிவத்தையும் ஆவணங்களையும் விரல் ரேகையையும் பெற்றுத் தூதரகத்திற்கு அனுப்பும் தனியார் மையங்கள் மட்டுமே. விசா தருவதா மறுப்பதா என்று முடிவு செய்பவர் தூதரக அதிகாரி. 'மையத்தில் ஆள் இருக்கிறார், உறுதியாக வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், அந்த ஒரு சொல்லே அவரை விட்டு விலகப் போதுமான காரணம்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

தமிழ் முஸ்லிம்களான நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டிலோ பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் உண்டு. பலருடைய பாஸ்போர்ட்டில் இரண்டாவது கட்டம் காலியாகவே இருக்கும்.

2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல திகைத்து நின்றன. பாஸ்போர்ட்டின் இறுதிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பிறகு வந்தது. ஆகவே புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்போர் தந்தையின் பெயரை விரித்தெழுதி இரண்டு கட்டங்களையும் நிரப்புவது நல்லது. ஏற்கனவே எடுத்தவர்கள் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துத் திருத்திக்கொள்ளலாம். திருவண்ணாமலை மாவட்டம் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது.

இன்னொன்று எழுத்து வேறுபாடு. 'முஹம்மது' என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிக் கணக்கில் மற்றொன்று. அதிகாரியின் பார்வையில் இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். விசாவுக்கு ஓராண்டு முன்பே அனைத்தையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒன்றாக்கிவிட வேண்டும். விமான டிக்கெட்டிலும் அதே எழுத்துகள்தாம் இருக்க வேண்டும்.

திருமணச் சான்றும் அப்படியே. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு நமக்குப் போதுமானது. ஆனால் கணவன் மனைவி உறவுக்கு வெளிநாட்டுத் தூதரகம் எதிர்பார்ப்பது அரசுச் சான்றிதழ். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009, மத வேறுபாடின்றி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. நிக்காஹ் முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பெண்கள் ஹிஜாபுடன் புகைப்படம் கொடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. மார்க்கக் காரணத்திற்காக அணியும் தலைத்துணியை அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் ஏற்கின்றன. நெற்றி முதல் தாடை வரை முகம் முழுமையாகவும் நிழல் விழாமலும் தெரிய வேண்டும் என்பதே நிபந்தனை.

அதிகாரி தேடுவது என்ன?

சுற்றுலா விசா அதிகாரி மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார். இவர் எதற்காக வருகிறார்? செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? முடிந்ததும் திரும்பிப் போவாரா? அமெரிக்கச் சட்டமோ, விண்ணப்பிப்பவர் குடியேற வருகிறார் என்றே முதலில் கருதிக்கொள்கிறது. அப்படியில்லை என்று காட்டுவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. அங்கே மறுக்கப்படுவோரில் பலருக்கும் கிடைக்கும் தாளில் '214(பி)' என்ற சட்டப்பிரிவு இருப்பது இதனால்தான்.

முதல் கேள்விக்கு விடை பயணத் திட்டம். எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்குகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். விசா கிடைக்கும் முன் டிக்கெட்டுக்கு முழுப்பணம் கட்ட வேண்டாம். ரத்து செய்யக்கூடிய முன்பதிவே போதுமானது.

இரண்டாவது கேள்விக்கு விடை வங்கிக் கணக்கு அறிக்கையும் வருமான வரிக் கணக்கும். கடைசி ஆறு மாத அறிக்கையைத் தயாராக வைத்திருப்பது நல்லது. நம்மில் பலர் கடை, மண்டி, இறைச்சி வியாபாரம் என்று ரொக்கத்தில் புழங்குபவர்கள். கையில் பணம் இருந்தும் கணக்கில் இருக்காது. இதற்கு முகவர்கள் சொல்லும் குறுக்குவழி, யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கடைசி வாரத்தில் இரண்டு மூன்று லட்சத்தைக் கணக்கில் போட்டுக் காட்டுவது. முந்தைய மாதங்களில் சில ஆயிரங்களே புழங்கிய கணக்கில் திடீரென்று லட்சம் வந்தால் அதிகாரிக்கு வரும் முதல் சந்தேகமே அதுதான். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது மார்க்கத்திலும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நேரான வழி, அன்றாட விற்பனையை வங்கியில் செலுத்தி, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, ஓரிரு ஆண்டு பொறுத்து விண்ணப்பிப்பது. மகனோ சகோதரரோ செலவை ஏற்றால், அவருடைய கடிதம், வருமானச் சான்று, உறவுச் சான்று ஆகியவற்றை வெளிப்படையாக இணைக்கலாம்.

மூன்றாவது கேள்விக்கு விடை ஊரில் நமக்குள்ள பிணைப்பு. பணியிலிருப்பவர் விடுப்புக் கடிதம், வியாபாரி தொழில் பதிவுச் சான்று, விவசாயி பட்டா, படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக் கடிதம். தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். பிள்ளைகள் தாய் தந்தையரில் ஒருவருடன் மட்டும் சென்றால், மற்றவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஷெங்கன் விசா

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா விதிகள் தெளிவாக எழுதப்பட்டவை என்பதால் புரிந்துகொள்ள எளிது. பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமேனும் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் குறைந்தோருக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முடிவு பொதுவாக 15 நாட்களில் வரும், சில வேளை 45 நாட்கள் வரை நீளலாம்.

மறுக்கப்பட்டால் எந்தக் காரணத்தால் என்பதைக் குறித்து எழுத்தில் தருவார்கள், மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. கட்டணம் மட்டும் திரும்பாது. மறுப்பு என்பது அவமானமன்று. காரணத்தைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அடுத்த படிவத்தில் 'முன்பு மறுக்கப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதுவது பெரும் தவறு. போலி ஆவணம் கொடுத்து ஏமாற்றியவரின் விண்ணப்பங்களைப் பிரிட்டன் பத்தாண்டுகள் வரை மறுக்கிறது. மறுப்பை மறைத்து ஒரு நாட்டின் கதவை மூடிக்கொள்வதை விட, நடந்ததைச் சொல்லி ஒரு முறை கட்டணத்தை இழப்பது மேல்.

சுற்றுலா விசாவில் உம்ரா

2019 செப்டம்பரில் சவூதி அரேபியா 49 நாட்டவர்களுக்கு மின்னணு சுற்றுலா விசாவைத் திறந்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எனினும் செல்லுபடியாகும், ஒரு முறையாவது பயன்படுத்தப்பட்ட அமெரிக்க, பிரிட்டன், ஷெங்கன் விசா வைத்திருப்போருக்கும் வளைகுடா நாடுகளில் குடியிருப்பு அனுமதி உள்ளோருக்கும் வழி உண்டு. மற்றவர்கள் இங்குள்ள விண்ணப்ப மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் சென்றவர் ஹஜ் காலம் தவிர்த்து உம்ரா செய்யலாம். அதற்கும் ரவ்ளா ஷரீஃபில் தொழுவதற்கும் 'நுசுக்' செயலியில் நேரம் பதிய வேண்டும். பெண்கள் மஹ்ரம் இல்லாமல் வருவதை அந்நாட்டுச் சட்டம் இப்போது அனுமதிக்கிறது. ஆனால் ஷரீஅத் சட்டம் வேறு, நாட்டின் அனுமதி வேறு. தத்தம் மத்ஹபின் நிலையை உள்ளூர் ஆலிமிடம் கேட்டறிந்து முடிவு செய்யட்டும்.

ஹஜ்ஜுக்கு இந்த விசா அறவே செல்லாது. 2024 ஹஜ்ஜின் கடும் வெப்பத்தில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள். தங்குமிடமும் நிழலும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். 'விசிட் விசாவில் ஹஜ்ஜை முடித்துவிடலாம்' என்று ஆசை காட்டும் எவரையும் நம்ப வேண்டாம்.

விசாவின் எல்லையை மீறாதிருப்போம்

விசா என்பது ஒரு நாட்டுடன் நாம் செய்யும் ஒப்பந்தம். இன்ன காரணத்திற்காக, இத்தனை நாள் என்று சொல்லித்தான் நுழைகிறோம். இந்தியாவின் சுற்றுலா விசாவில் வருபவர் வழிபாட்டுத் தலங்களுக்குச் செல்லலாம், சொற்பொழிவு கேட்கலாம். பிரச்சாரம் செய்யக்கூடாது. ரமணாசிரமத்திற்கு வருபவருக்கும் பள்ளிவாசலுக்கு வருபவருக்கும் இதே விதிதான். 2020 ஏப்ரலில், சுற்றுலா விசாவில் வந்து தப்லீக் பணியில் ஈடுபட்டதாகக் கூறி 960 வெளிநாட்டவரை மத்திய அரசு தடைப் பட்டியலில் சேர்த்ததை நம் சமுதாயம் மறந்திருக்காது. அதன் நியாயங்களைப் பற்றிய விவாதம் தனி. வெளிநாட்டவரை விருந்தினராக அழைக்கும் ஜமாஅத்துகள் விசாவின் வகையை முதலில் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

நம் இளைஞர்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். 'இப்போது டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்' என்பதே இத்தகைய மோசடிகளின் முதல் வாக்கியம். வேலைக்கென்று போகிறவர் வேலை விசாவிலேயே போக வேண்டும். அனுப்புபவர் மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர்தானா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்த்துவிடலாம்.

படிவத்தை வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் நிரப்பட்டும். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி, தாயும் தந்தையும் அருகில் அமர்ந்து கேட்கட்டும். முகவரிடம் கொடுத்திருந்தால் விண்ணப்பத்தின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். நகல் தர மறுப்பவரிடம் பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள்.

நம் பயணங்கள் அனைத்தையும் நேர்மையானவையாகவும் பாதுகாப்பானவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கித் தருவானாக!