முற்றத்துத் துளசி: வணங்குவோம், பயன்படுத்துவோம், எல்லையும் அறிவோம்



எமது வீடுகளில் பூசைக்கும் வைத்தியத்திற்கும் ஒரே கையால் பறிக்கப்படும் இலைகள் சில உண்டு. வேப்பிலை, வில்வம், அறுகு என்று நீளும் அந்த வரிசையில் முதலிடம் துளசிக்குத்தான். குடும்பநல உத்தியோகத்தராகப் பல வருடங்கள் வடமராட்சியில் வீடு வீடாகச் சென்றவள் நான். கிணற்றடியிலோ முற்றத்து மூலையிலோ ஒரு துளசிச் செடியாவது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று என்னிடம் கேட்ட தாய்மாரும் பலர். அவர்களுக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன்.

துளசியின் புனிதம்

துளசி என்ற சொல்லுக்கு ஒப்பில்லாதது என்று பெரியோர் பொருள் கூறுவர். சிவனுக்கு வில்வம் போல விஷ்ணுவுக்குத் துளசி. வல்லிபுர ஆழ்வார் கோவிலுக்குச் சென்றவர்களுக்குத் துளசி மாலையின் வாசமும் தீர்த்தத்தின் சுவையும் மறக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் குழந்தையாக ஆண்டாளைக் கண்டெடுத்தது துளசிச் செடியின் அடியில் என்பது வைணவ மரபு. கிருஷ்ணரின் துலாபாரத்தில் தட்டு நிறைந்த பொன்னால் முடியாததை உருக்மணி வைத்த ஒரு துளசி இலை முடித்தது என்ற கதையைச் சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். கார்த்திகை மாத வளர்பிறைத் துவாதசியில் துளசிக்குக் கல்யாணம் செய்து வைக்கும் வழக்கமும் இந்தியாவின் பல பாகங்களில் உண்டு.

மாலையானால் துளசி பறிக்கக்கூடாது, துவாதசியில் பறிக்கக்கூடாது என்று எங்கள் பாட்டிமார் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அதன் காரணம் பக்திதான். ஆனால் செடியை மொட்டையடிக்காமல் அது தழைக்க நாள் விடும் நன்மையும் அதற்குள் இருக்கிறது.

எது துளசி?

தாவரவியலில் இதன் பெயர் ஓசிமம் டெனுயிஃப்ளோரம். முன்னர் ஓசிமம் சாங்டம் என்று அழைத்தார்கள். சாங்டம் என்றால் இலத்தீன் மொழியில் புனிதமானது. புதினா இருக்கும் குடும்பமே இதற்கும். பச்சை இலையுடையதை வெண்துளசி என்றும், ஊதா படர்ந்ததைக் கருந்துளசி அல்லது கிருஷ்ண துளசி என்றும் சொல்வோம். இலையைக் கசக்கினால் கராம்பு வாசம் வருவது யூஜினோல் என்ற எண்ணெய்ப் பொருளால். கராம்பிலும் அதுவே இருக்கிறது.

பலூடாவில் நாம் போடும் கசகசா துளசி விதை என்று பலர் நினைக்கிறார்கள். அது துளசியின் உறவான திருநீற்றுப்பச்சையின் விதை. குடிநீருக்குச் செடி வாங்கும்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளாதீர்கள். தாய்லாந்தில் துளசியை இறைச்சியுடன் வதக்கி அன்றாடக் கறியாகவே உண்கிறார்கள். நமக்குத் தெய்வமானது அங்கே கறிக்கீரை!

வீட்டில் பயன்படுத்தும் முறைகள்

*தடிமன், இருமலுக்குக் குடிநீர்:* கழுவிய துளசி இலை 10 அல்லது 15, மல்லி ஒரு மேசைக்கரண்டி, தட்டிய இஞ்சி சிறு துண்டு, மிளகு 5. இவற்றை இரண்டு கோப்பைத் தண்ணீரில் இட்டு ஒரு கோப்பையாகும் வரை கொதிக்க வைத்து வடியுங்கள். இளஞ்சூட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். தொண்டை இதமாகும். தடிமன் எப்படியும் சில நாளில் மாறும் நோய். அந்த நாட்களைக் கடக்க இது கைகொடுக்கும்.

*ஆவி பிடித்தல்:* கொதித்த நீரில் ஒரு பிடி துளசி போட்டு ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்குச் சுகம் தரும். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து சுடுபட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆகவே சிறுபிள்ளைகளுக்கு இந்த முறை வேண்டாம். பெரியவர்களும் சட்டியை மடியில் வைக்காமல் உறுதியான மேசையில் வையுங்கள்.

*துளசித் தேநீர்:* நாளுக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கரண்டி சீனியுடன் தேநீர் குடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் ஒரு வேளையைச் சீனியில்லாத துளசித் தேநீராக மாற்றிப் பாருங்கள். ஐந்தாறு இலையைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும். இங்கே குறைந்த சீனியே பெரிய மருந்து என்பேன். மன அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றுக்குத் துளசி உதவுமா என்று சிறிய ஆய்வுகள் சில நடந்துள்ளன. மருந்துக்குப் பதிலாக எடுக்கலாம் என்று சொல்ல அவை போதாது.

இவர்கள் கவனம்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் துளசிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவுவதை இன்றும் காண்கிறேன். அந்த வயதில் தேன் ஆபத்தானது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம். கர்ப்பிணித் தாய்மாரும் கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும் துளசிக் குடிநீரை நாளாந்தம் குடிக்காதிருப்பது நல்லது. கோவிலில் பெறும் தீர்த்தத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இரத்தம் உறையாதிருக்கவும், நீரிழிவுக்கும் மருந்து எடுப்பவர்கள் தொடர்ந்து குடிக்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். சித்த வைத்தியத்தை நாடுபவர்கள் கைதடி சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடங்களில் பதிவுபெற்ற வைத்தியரிடம் கேட்டு எடுப்பதே முறை.

காய்ச்சலும் துளசியும்

இதை எழுதத் தூண்டிய காரணம் இதுதான். எங்கள் அயலில் எட்டு வயதுப் பெண்பிள்ளைக்குக் காய்ச்சல். தாய் மூன்று நாளாகத் துளசிக் குடிநீரே கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் உடம்பு குளிர்ந்தது. "துளசி கைவிடேல்லை அக்கா, காய்ச்சல் விட்டிட்டுது" என்று சந்தோஷமாகச் சொல்ல வந்தாள். போய்ப் பார்த்தேன். பிள்ளை வயிற்றைப் பிடித்தபடி சோர்ந்து கிடந்தது. விடியற்காலையிலிருந்து சலம் போகவில்லை என்றாள். உடனே முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டெங்கு! நல்ல காலம், பிள்ளை சுகமாக வீடு திரும்பியது.

டெங்குவில் காய்ச்சல் குறையும் வேளையே ஆபத்தான வேளை. இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிவது அப்போதுதான் தொடங்கும். 2017இல் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்துடன் பதிவானார்கள். ஆகவே காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகள் முதல் நாளே செல்ல வேண்டும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, சலம் குறைதல், மிகுந்த சோர்வு இருந்தால் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். வைத்தியர் சொன்ன அளவில் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், புருபன் கூடாது. அந்நாட்களில் சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள், வாந்தியில் இரத்தம் இருந்தால் தெரியாமல் போய்விடும் என்பதற்காக. பனங்கட்டி கரைத்த குடிநீருக்கும் இது பொருந்தும்.

2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்குப் பாணி கொடுக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கைவைத்தியம் பலருக்கு ஆறுதலாயிற்று என்பதும் உண்மை. மூலிகையை வெறுக்கவும் வேண்டாம், அதன்மேல் தாங்காத சுமையை ஏற்றவும் வேண்டாம்.

வளர்ப்போருக்குச் சில வார்த்தைகள்

சிங்களத்தில் துளசியை மதுருதலா என்பார்கள். மதுரு என்றால் நுளம்பு. கசக்கிய இலையின் வாசமும் புகையும் நுளம்பை ஓரளவு விரட்டும். ஆனால் செடி சும்மா நிற்பதால் நுளம்பு ஓடாது. சாடியின் கீழுள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு அங்கேயே முட்டையிடும்! தட்டையும் பூசைச் செம்பையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்தாலும் முட்டை பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால் தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது. துளசி இரவிலும் ஒட்சிசன் தரும் என்ற பேச்சும் உண்டு. எல்லாச் செடியையும் போல் அதுவும் இரவில் ஒட்சிசனை உள்ளெடுத்தே சுவாசிக்கிறது.

விதை மிகச் சிறியது. மண்ணின் மேல் தூவி இலேசாக மூடினால் போதும். நல்ல வெயில் வேண்டும், வேரில் நீர் தேங்கக்கூடாது. பூங்கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி அடர்ந்து தழைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் தண்டு முற்றிவிடும். அதற்குமுன் சில கதிர்களை முற்றவிட்டு விதை எடுத்து அடுத்த செடியை ஆயத்தமாக்குங்கள். மேலதிகக் கன்றை அயல் வீட்டிற்கும் கொடுங்கள். கொடுக்கும்போது, மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிதான் என்ற வார்த்தையையும் சேர்த்துக் கொடுங்கள்.