கேபிள் சேனல் படம் போட்டிக்குப் போகும்போது

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ உள்ளூர் கேபிள் சேனலுக்குப் படம் எடுக்கும் ஒருவரிடம், ஏன் எந்தப் போட்டிக்கும் அனுப்புவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் சினிமா எடுக்கறவங்களுக்குங்க” என்பார். தேர்த் திருவிழா, பஞ்சாயத்துக் கூட்டம், யானை இறங்கிய தோட்டம், ரேஷன் கடை வரிசை என்று வருடம் முழுக்கக் கேமராவும் கையுமாக அலைகிறவர் இவர். இவரிடம் இருக்கும் ஃபுட்டேஜ் திருவனந்தபுரத்தில் எவரிடமும் கிடையாது. ஆனாலும் போட்டி என்றதும் பின்வாங்குகிறார். டீ சொல்லியாகிவிட்டது, உட்காருங்கள். இதை நிதானமாகப் பேசலாம்.

முதலில், நீங்கள் யார் என்பது. நம் நாட்டில் சமுதாய வானொலிக்குத் தனி உரிமம் உண்டு; 2006இல் அதற்கான கொள்கை வந்தது. சமுதாயத் தொலைக்காட்சி என்று ஓர் உரிமம் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது கேபிள்காரர் நடத்தும் உள்ளூர் சேனல்தான். 2022 நவம்பரில் மத்திய அரசு இதற்கென்று வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. கேபிள் நிறுவனம் தன் மொத்த சேனல் கொள்ளளவில் 5 சதவீதம் வரை இத்தகைய சேனல்கள் நடத்தலாம். ஒரு சேனலுக்கு 1,000 ரூபாய் பதிவுக் கட்டணம். உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமென்றால் நிறுவனமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒளிபரப்பானதை 90 நாள் பாதுகாக்க வேண்டும். இந்த 90 நாள்தான் நம் கதைக்கு முக்கியம். சட்டத்துக்கு அது போதும், போட்டிக்குப் போதாது. 91ஆம் நாள் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்து அடுத்த திருவிழாவை ஏற்றுகிற பழக்கம் இருந்தால், அனுப்புவதற்கு எதுவுமே மிஞ்சாது. நல்ல நிகழ்ச்சி என்று மனதில் பட்ட அன்றைக்கே தனி டிஸ்க்கில் ஒரு நகல், ஒளிபரப்பான தேதியோடு. பல போட்டிகள் குறிப்பிட்ட ஆண்டில் ஒளிபரப்பானதற்குச் சான்று கேட்கும்.

எங்கே அனுப்புவது? கேரளத்தில் நமக்கு மிக அருகில் இருப்பது என்.எச்.அன்வர் பெயரிலான தொலைக்காட்சி விருது. கேபிள் ஆபரேட்டர்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அவர். செயற்கைக்கோள் சேனல்களோடு மோதவிடாமல் கேபிள் சேனல்களுக்குத் தனிப் பிரிவு இதில் உண்டு. மாநிலத் தொலைக்காட்சி விருதுகளைச் சலச்சித்ர அகாதமி நடத்துகிறது. அதே அகாதமி 2008இல் தொடங்கியது ஆவணப்பட, குறும்பட சர்வதேச விழா. 40 நிமிடத்துக்கு உட்பட்டவை குறும் ஆவணப்படம், மேற்பட்டவை நெடும் ஆவணப்படம் என்று அங்கே பிரிப்பார்கள். பாலக்காட்டிலேயே இன்சைட் என்னும் கலைக் குழு ஐந்து நிமிடத்துக்கு மிகாத படங்களுக்காக ஹாஃப் விழா நடத்துகிறது. திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் சைன்ஸ் விழாவில் ஜான் ஆபிரகாம் பெயரில் விருது. தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்தாரே, அவர்தான். பிறகு ஒடேசா குழுவோடு ஊர் ஊராகப் போய்ச் சனங்களிடம் காசு பிரித்து, 1986இல் ‘அம்மா அறியான்’ எடுத்தவர். அவர் பெயரிலான விருதுக்கு ஒரு கேபிள் சேனல்காரர் விண்ணப்பிக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இத்தகைய போட்டிகள் இன்னும் ஒழுங்காக நடக்கின்றன. அங்கே 1984ஆம் ஆண்டுக் கேபிள் சட்டப்படி, பொதுமக்களுக்கான சேனல் ஒன்றை ஒதுக்கும்படி நகராட்சி கேபிள் நிறுவனத்திடம் கேட்க முடியும். அந்தச் சேனல்களின் கூட்டமைப்பு ஹோம்டவுன் விருதுகளை நடத்துகிறது. அதற்குக் கீழே வட்டாரப் போட்டிகளும் உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்பவர், சும்மா ஆர்வத்தில் எடுப்பவர், பள்ளிப் பிள்ளைகள் என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் மதிப்பிடுகிறார்கள். கேரளத்திலும் இந்தப் பிரிவினை வர வேண்டும் என்பது என் ஆசை. வரும்வரை, இருக்கிற பிரிவுகளில் நமக்குப் பொருந்துவதைப் பார்த்து அனுப்ப வேண்டியதுதான்.

இப்போது முக்கியமான கேள்வி: எதை அனுப்புவது? இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். போட்டி என்றதும் ஒரு புதுப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். தேயிலைத் தோட்டத்தின் மேல் ட்ரோன், மூடுபனி, பின்னால் புல்லாங்குழல், கனமான குரலில் இயற்கையைப் பற்றி நாலு வரி. நடுவர்கள் அந்த மூணாறை ஆயிரம் தடவை பார்த்துவிட்டார்கள். அவர்கள் பார்க்காதது உங்கள் சேனலில் போன மாதம் ஓடியது.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் ஆழியாற்றில் கேரளத்துக்கு வர வேண்டும். வந்ததா, எப்போது வந்தது, மூலத்தறையில் மதகு திறந்த பிறகு கடைமடை வயலுக்கு எட்ட எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் தலைநகரத்துச் சேனலுக்கு வருடத்தில் ஒருநாள் செய்தி. உங்களுக்கோ வாராவாரம் ஓடும் விஷயம். அதே வாய்க்காலை நாற்று நடும்போதும், பயிர் வாடும்போதும், தண்ணீர் வந்த காலையிலும் நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். மூன்று பருவத்து விஷுவல் ஒரே இடத்தில். வெளியிலிருந்து வருகிற எந்த ஆவணப்படக்காரருக்கும் அது வாய்க்காது.

மறையூர்ப் பக்கம் போனால் வெல்லம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு. வேறெங்கோ காய்ச்சியதை மறையூர் வெல்லம் என்று விற்கிறார்கள் என்பது அங்கே பழைய புகார். ஆலைக் கொட்டகையில் ஓர் இரவு உட்கார்ந்து, கரும்புச்சாறு பாகாகிக் கையால் உருட்டப்படும்வரை எடுத்து, மறுநாள் சந்தையில் அதே வெல்லத்தின் விலையைக் கேட்டால் படம் முடிந்தது. மூணாறில் 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டுக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நகரத்தையே மறித்து உட்கார்ந்தார்களே, அந்தப் பெம்பிளை ஒருமைப் போராட்டத்தைப் பிற்பாடு உலகமே எழுதியது. அவர்கள் பேசிய தமிழைத் துணையில்லாமல் புரிந்துகொண்டது உள்ளூர்க் கேமராதான்.

ஆகவே என் முடிவு இது: போட்டிக்கென்று படம் எடுக்காதீர்கள். ஊருக்கென்று எடுத்ததில் ஒன்றைப் பொறுக்கி, அதை வெளியாருக்கும் விளங்கும்படி மறுபடி எடிட் செய்யுங்கள். பெருமாட்டிப் பஞ்சாயத்தில் உள்ள பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு எதிராக 2002இல் தொடங்கிய போராட்டத்தை, பாபுராஜும் சரத்சந்திரனும் வருடக்கணக்கில் போய்ப் போய்ப் படம்பிடித்து ‘தௌசண்ட் டேஸ் அண்ட் எ ட்ரீம்’ ஆக்கினார்கள். போய்க்கொண்டே இருந்ததுதான் அந்தப் படத்தின் பலம். உங்களுக்குப் போக வேண்டிய தூரம்கூட இல்லை, அங்கேயேதான் இருக்கிறீர்கள்.

மறு எடிட்டிங்கில் முதல் வேலை, சேனல் லோகோ, அடியில் ஓடும் ஸ்க்ரோல், நகைக்கடை விளம்பரம் எதுவும் இல்லாத மாஸ்டரைத் தேடி எடுப்பது. அடுத்து, தொகுப்பாளர் வணக்கம் சொல்லும் பகுதியை வெட்டுங்கள். உள்ளூர் நேயருக்கு அவர் பக்கத்து வீட்டுப் பையன், நடுவருக்கு யாரோ. எம்.எல்.ஏ. குத்துவிளக்கு ஏற்றுவதையும் வெட்டத்தான் வேண்டும். சேனல் முதலாளிக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஒளிபரப்பில்தான் முழுசாக வந்துவிட்டதே என்று சொல்லிப் பாருங்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் எந்த இடம், யார் பிரச்சினை, ஏன் இன்று என்பது தெரிந்துவிட வேண்டும். ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லாத 7.25 டிஎம்சி கணக்கு வெளியாருக்குத் தேவை. அதற்கு எழுத்தில் ஒரு வரி போதும்.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் நடுவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லையென்றால் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிரசித்தம். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பது அதனால்தானே. அந்தக் காற்றில் கேமராவின் சொந்த மைக்கை நம்பி வயல்வெளியில் பைட் எடுத்தால் புயல்தான் பதிவாகும். காலர் மைக்கில் ரோமக் கவசம் மாட்டி, பேசுகிறவரைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். தேயிலை ஆலைக்குள் பேட்டி வேண்டாம். இயந்திரத்தை விஷுவலாக எடுத்துக்கொண்டு, ஆளை வெளியே கூப்பிட்டுப் பேசவையுங்கள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் கோடு கோடாக ஓடும் ஃபிளிக்கரும் ஒரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

சப்டைட்டில் போடாமல் அனுப்பாதீர்கள். நம் ஆட்கள் ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார்கள். அது குறையில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் கீழே ஆங்கிலம் வேண்டும், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாமல். ஆள் வைத்துச் செய்யக் காசில்லையென்றால் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கேளுங்கள். 2018 முதல் அங்கே லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் இயங்குகின்றன. கேமராவும் எடிட்டிங்கும் கற்ற பிள்ளைகள் இருப்பார்கள். ஆங்கில ஆசிரியர் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்தால் போதும். உதவியவர்களின் பெயரைக் கடைசி டைட்டிலில் போட மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது பாட்டு. உள்ளூர் சேனல்காரரைப் போட்டியிலிருந்து தூக்கியெறியும் முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். திருவிழா விஷுவலுக்குப் பின்னால் சினிமாப் பாட்டு ஓடவிட்டு நமக்குப் பழக்கமாகிவிட்டது. பாடல் எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டு வரை நிற்கும். ஒலிப்பதிவுக்குத் தனியாக, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பாரதி பாட்டு எல்லோருக்கும் பொது. 1949இல் அரசு உரிமையை வாங்கிப் பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. ஆனால் சென்ற வருடம் ஒரு நிறுவனம் பதிவு செய்த பாரதி பாட்டு பொது இல்லை. உங்கள் ஊர் பாடகரைப் பாடவைத்து நீங்களே பதிவு செய்யுங்கள், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் யாரென்று தெரியாது என்பதால் பாடுகிறவருக்கு உரிமை இல்லை என்று ஆகாது. நிகழ்த்துகிறவர் உரிமை சட்டத்தில் தனியாகவே இருக்கிறது. அட்டப்பாடி நஞ்சியம்மா ‘அய்யப்பனும் கோசியும்’ படத்தில் பாடி 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்ட பிறகாவது, மலைப்பாட்டை ஓசியில் கிடைக்கும் பிஜிஎம் என்று நினைக்கும் புத்தி நம்மை விட்டுப் போயிருக்க வேண்டும்.

பாட்டைப் போலவே முகத்துக்கும் சம்மதம் வேண்டும். கேபிளில் அரைமணி நேரம் வந்து போவது வேறு, விழாத் திரையிலும் இணையத்திலும் என்றைக்கும் இருப்பது வேறு. தோட்டத்து லயத்து வீட்டில் பேட்டி கொடுத்த அக்காவிடம் அந்த வித்தியாசத்தைச் சொல்லி மறுபடி கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து. துக்க வீட்டு விஷுவலை ஒதுக்கிவிடுங்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி 70 பேர் இறந்துபோனார்கள். அந்த நாட்களின் காட்சி யாரிடம் இருந்தாலும், அதைப் பரிசுக்கு அனுப்பக் கூடாது என்றுதான் சொல்வேன். இரவிகுளம் போன்ற தேசியப் பூங்காவுக்குள் எடுத்ததென்றால் வனத்துறை அனுமதிக் கடிதமும் சேர்ந்திருக்க வேண்டும். வனவுயிர்ச் சட்டத்தில் படமெடுக்கவும் அனுமதி தேவை.

விழாக்களில் திரையிடும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் இல்லையென்றால், அமைப்பாளர்கள் மத்திய அரசிடம் விலக்கு வாங்குவார்கள். அது சடங்கு மட்டுமில்லை. 2017இல் திருவனந்தபுரம் விழாவில் மூன்று ஆவணப்படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டு, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. வாய்க்கால் தண்ணீர்ப் படத்துக்கு அப்படி நேரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கேட்கிற கதைச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் படத்தைப் பார்க்காதவர்களும் முடிவெடுக்கிறார்கள். ஆகவே வீராவேசம் வேண்டாம். என்ன, எங்கே, யார் என்று ஐந்தாறு வரி எழுதுங்கள்.

மிச்சமெல்லாம் படிவ வேலை. பிரிவை விதியில் உள்ளபடி தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிடம் என்றால் டைட்டிலோடு சேர்த்து ஐந்து நிமிடம். ஏற்கெனவே யூடியூபில் போட்டதை ஏற்பார்களா என்று பாருங்கள். கட்டணம் கட்டிய ரசீதை எடுத்து வையுங்கள். ஃபைல் பெயரைத் ‘ஃபைனல் 2 புதுசு’ என்று வைக்காமல், படத்தின் பெயரையே வையுங்கள். கடைசித் தேதி இரவு பதினோரு மணிக்குப் பதிவேற்ற உட்காராதீர்கள். காந்தலூரிலோ வட்டவடையிலோ மழை பிடித்தால் முதலில் கரண்ட் போகும், பிறகு நெட் போகும். இரண்டு நாள் முன்பே மூணாறுக்கோ உடுமலைக்கோ இறங்கி ஏற்றிவிடுங்கள்.