மூட்டு அறியும் கோணம்

செமினியின் சரிவுகளில் இன்று நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தையும், அதனைச் சுற்றி எழும்பிக்கொண்டேயிருக்கும் வீடமைப்புப் பகுதிகளையும் காண்கிறவர்களுக்கு, இவ்வட்டாரம் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களால் நிறைந்திருந்தது என்பதும், விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில் நிரை நிரையாக மரம் சீவிய நம்மவர்கள் சூட்சுமமானதொரு அளவுகோலைத் தம் மணிக்கட்டிலேயே வைத்திருந்தனர் என்பதும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ரப்பர் மரத்தின் பால்குழாய்கள் பட்டைக்குள் நேர்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து சுற்றிச் செல்பவை. ஆகையால் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் சீவினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபட்டுப் பால் மங்கில் வந்து விழும். கத்தி ஆழப் போய் உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தீண்டிவிட்டால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனாலோ பால் குறையும். கோடு கிழித்துத் தரத் தகரத் தகடு இருந்ததென்றாலும், அந்த அரையிருட்டில் மரத்துக்கு மரம் கோணத்தையும் ஆழத்தையும் காத்ததில், கண்ணின் பங்கைவிடத் தன் வளைவு இவ்வளவென்று தானே அறிந்த கையின் பங்கே பெரிதென்பது என் அபிப்பிராயம்.

ஐம்புலன் என்றே எண்ணிப் பழகிய நாம் இந்த உணர்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் முழங்கால் மடங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று நமக்குத் தெரிகிறதே, அந்த அறிவுக்கு 1906-ஆம் ஆண்டில் தனிப்பெயர் சூட்டித் தனிப்புலனாக நிறுவியவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். தசைகளுக்குள் நூற்கதிர் வடிவில் புதைந்துள்ள நுண்ணுறுப்புகள், தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதை நரம்பு வழியே இடைவிடாது அறிவிக்கின்றன. தசைநாண்களில் உள்ள கோல்கி உறுப்புகள் இழுவிசையை உரைக்கின்றன. மூட்டுறையும் தோலும் தத்தம் சாட்சியத்தைச் சேர்க்கின்றன. வெகுகாலம் மூட்டுறையே பிரதான சாட்சி என்று நம்பியிருந்த அறிஞருலகத்தின் எண்ணத்தை 1972-இல் குட்வின், மெக்ளோஸ்கி, மாத்யூஸ் என்னும் மூவர் மாற்றினர்: கைத்தசையின் நாண்மீது விநாடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகள் வீதம் செலுத்தியபோது, கண்ணை மூடியிருந்தவர்களுக்கு, அசையாதிருந்த முழங்கை நீண்டுகொண்டே போவதாகத் தோன்றியது. தசை நீள்கிறது என்ற பொய்ச் செய்தியை அந்த நூற்கதிர் உறுப்புகள் மூளைக்கு அனுப்ப, மூளை அதை மெய்யென்றே ஏற்றுக்கொண்டது. இந்நரம்பு முனைகளில் விசையை மின்சைகையாக மாற்றும் ‘பியெஸோ 2’ என்ற புரதத்தைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியானுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பத்துமலையின் 272 படிகளில் காவடி சுமந்து ஏறுகிறவர் தம் பாதத்தைக் குனிந்து பார்க்க இயலாது என்பதைக் கவனித்தவர்களுக்கு இப்புலனின் அருமையை விளக்க வேண்டியதில்லை. இதை இழந்தவரின் கதியோ பரிதாபம். இங்கிலாந்தில் இயான் வாட்டர்மன் என்பவர் 1971-இல், தம் பத்தொன்பதாம் வயதில், ஒரு நோய்த்தொற்றுக்குப் பின் கழுத்துக்குக் கீழே இந்த உணர்வு முழுவதையும் இழந்தார். தசையில் வலு இருந்தும் எழுந்து உட்கார முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனத்தால் திட்டமிட்டு, மீண்டும் நடக்கக் கற்ற அவருக்கு, விளக்கு அணைந்தால் நிற்கவும் இயலாது.

இவ்வளவு முற்றிய இழப்பு அபூர்வமே. ஆயின் சிறிய இழப்புகள் எங்கும் உள்ளன: கணுக்கால் சுளுக்கிய பந்தாட்டக்காரர், முழங்கால் தசைநார் அறுந்தவர், பக்கவாதம் கண்டவர், இனிப்பு நீரால் கால் நரம்பு பழுதானவர் ஆகியோரிடம் இப்புலன் மங்கக்கூடும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு மலேசிய வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றும், இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிகுதி என்றும் கண்டதை நினைத்தால், இது நம் வீட்டு விஷயம். கிளினிக்கில் மருத்துவர் கால் பெருவிரலின் இருபக்கத்தையும் பிடித்து மேலும் கீழும் அசைத்து, “எந்தப் பக்கம் போகுது, சொல்லுங்க ஐயா” என்று கேட்பது இப்புலனைச் சோதிக்கவே. எனினும் அது பெருநஷ்டத்தைக் காட்டுமேயன்றிச் சிறு தேய்வைக் காட்டாது. சிறு தேய்வை அளக்க வல்ல, மோட்டார் பூட்டிய பெரிய நாற்காலி போன்ற யந்திரங்களோ விலை மிகுந்தவை. செமினியிலோ புரோகாவிலோ வாழும் முதியவரைத் தேடி வீட்டுக்கே வருகிற இயன்முறை மருத்துவரின் பையில் அவை அடங்கா.

இங்கேதான் கைப்பேசி நுழைகிறது. திரையைத் திருப்பியதும் படமும் திரும்புவதற்குக் காரணமான முடுக்கமானி, மிக நுண்ணிய வில்களில் தொங்கும் சிலிக்கன் துணுக்கொன்றைக் கொண்டது. பூமியின் ஈர்ப்பு அதை எப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதை மின்தேக்கத்தின் மாறுபாட்டால் கணித்துச் சாய்வைச் சொல்லிவிடும். கிடைநிலையிலிருந்து ஒரு பாகை சாய்ந்தாலும் ஈர்ப்பில் ஏறத்தாழ 57-இல் ஒரு பங்கு சாய்ந்த அச்சில் வந்து விழுகிறது. அதை உணர்வது இன்றைய கைப்பேசிக்கு அரிய காரியமன்று. 2010-இல் ஐபோன் 4 வந்தது முதல் சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்பும் கைப்பேசியில் சேர்ந்தது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள், கைப்பேசியைக்கொண்டு மூட்டுநிலை உணர்வை அளக்கும் முறையை 2015-இலும் அடுத்த ஆண்டிலும் வெளியிட்டனர்.

பரிசோதனை எளிது. உயரமான கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, ஓட்டக்காரர்கள் அணியும் பட்டையால் கைப்பேசியைக் கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் இறுக்கிக் கட்டி, காலை மெல்ல ஒரு கோணத்துக்கு உயர்த்திச் சில விநாடிகள் நிறுத்தி, “இந்த இடத்தை மனசில் வச்சுக்குங்க” என்று சொல்லிக் கீழிறக்கிவிட்டு, அதே இடத்துக்கு அவரையே கொண்டுபோகச் சொல்லவேண்டியதுதான். முதற் கோணத்துக்கும் அவர் கொண்டுவந்த கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் பிழை. ஒருமுறை 5 பாகை கூடுதலாகவும் மறுமுறை 5 பாகை குறைவாகவும் காட்டியவரின் சராசரிப் பிழை பூஜ்ஜியமென்று வந்து நம்மை ஏமாற்றுமாதலால், குறியை நீக்கிய சராசரியையும் குறியோடு கூடிய சராசரியையும் தனித்தனியே எழுதவேண்டும்.

எளிமையில்தான் ஆபத்து இருக்கிறது. கால் அசையும்போது ஈர்ப்போடு வேறு முடுக்கங்களும் கலந்துவிடுவதால், நிலைகொண்ட பின்பே எண்ணைப் படிக்கவேண்டும். கருவி அளப்பது கெண்டைக்காலின் சாய்வை மட்டுமே. தொடை சற்றுத் தூக்கினாலும் அது முழங்காலின் கணக்கில் தவறாகச் சேரும். இறுக்கிய பட்டை தோலை இழுப்பதே ஒரு துப்பாகிவிடலாம். நினைவாற்றல் குன்றிய முதியவரின் பிழையை மூட்டின் பிழையென்று முடிவுகட்டுவதும் அநியாயம். இவற்றோடு இன்னொன்று: சோதனையின் நடுவே யாரேனும் வாட்ஸ்அப்பில் வணக்கம் அனுப்ப, கைப்பேசி அதிருமானால், அதிர்வால் தசைக்கதிர்களை ஏமாற்றலாம் என்று காட்டிய குட்வின் முதலிய மூவரின் ஆய்வை நினைத்தாவது, அதை முன்பே அடக்கிவைப்பது நலம்.

கழுத்து மூட்டில் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. 1991-இல் பிரெஞ்சு மருத்துவர் ரெவெலும் அவருடைய சகாக்களும், கண்கட்டிய நிலையில் தலையைத் திருப்பி மீண்டும் நடுநிலைக்குக் கொண்டுவரும்போது ஏற்படும் பிழையை அளந்து, 4.5 பாகையை எல்லையாகக்கொண்டு கழுத்துவலிக்காரர்களைப் பிரித்தறிய முயன்றனர். உட்கார்ந்தபடி தலையை இடவலமாகத் திருப்புகையில் ஈர்ப்பின் திசை கைப்பேசிக்கு மாறுவதேயில்லை. ஆகையால் முடுக்கமானி அங்கே ஊமை. ஜைரோஸ்கோப்போ நேரம் செல்லச் செல்லச் சிறுகச் சிறுக விலகிப்போகும். காந்தமானியோ பக்கத்திலுள்ள இரும்புக் கட்டிலைக் கண்டாலே தடுமாறும். மல்லாந்து படுக்கவைத்துவிட்டால் அதே திருப்பம் ஈர்ப்புக்குக் குறுக்காக வந்து, முடுக்கமானியே அளந்துவிடும். ஆனால் படுத்த நிலையில் கழுத்து தலையின் பாரத்தைச் சுமப்பதில்லையாதலால், அங்கே பெற்ற எண்ணை ரெவெல் உட்காரவைத்துக் கண்ட 4.5 பாகையோடு ஒப்பிடலாகாது. அதே நோயாளியை, அதே நிலையில், அடுத்த வாரம் அளந்த எண்ணோடு மட்டுமே வைத்துப் பார்க்கலாம்.