படத்தின் ஓரங்களில் நிற்பவர்கள்

மார்கழி மாதத்து வாடைக்காற்று மன்னார்த் தீவின் பனைகளை அசைக்கத் தொடங்கிவிட்டது. ஆலயங்களில் பாலன் குடில் எழும்பும் இந்நாட்களில், இல்லங்களில் இன்னோர் ஆயத்தமும் நடைபெறுகின்றது. குடும்பமாக நின்று நத்தார்ப் படம் எடுப்பதற்கான ஆயத்தம் அது. அனைவருக்கும் ஒரே நிறத்தில் ஆடைகள் தைக்கப்படுகின்றன. பள்ளிமுனைப் பெருக்குமரத்தடியிலா, தலைமன்னார்க் கடற்கரையிலா, ஆலயக் குடிலின் முன்பாகவா என்று இடம் தேடப்படுகின்றது. கடல் கடந்து வாழும் உறவுகளுக்கு அனுப்ப வேண்டுமல்லவா!

கடந்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்த வேளை, குடிலருகே ஒரு குடும்பத்தைக் கண்டேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு உறக்கம் கண்களைச் சுழற்றியது. புதுச்சட்டையின் கழுத்துப்பட்டி உறுத்தியது. "சிரி, சிரி" என்று பலமுறை சொல்லிப் பார்த்த தந்தை, பொறுமையிழந்து கையை ஓங்கினார். பிள்ளை விம்மியது. அவர்களுக்குப் பின்னால், வைக்கோலின் மீது பாலன் இயேசு அமைதியாகக் கிடந்தார்.

அன்பார்ந்த பெற்றோரே, குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாது தடுத்த சீடர்களையே ஆண்டவர் கடிந்துகொண்டார். குழந்தைகளுக்கு அவர் எவ்வித நிபந்தனையும் விதிக்கவில்லை. ஆகவே, பிள்ளை உறங்கி எழுந்து வயிறார உண்டபின் உள்ள காலை வேளையையோ, வெயில் சாயும் மாலை வேளையையோ தெரிந்துகொள்ளுங்கள். உடலுக்குப் பழகிய பருத்தி ஆடையை அணிவியுங்கள். குடிலிலுள்ள ஆட்டுக்குட்டியைக் காட்டி, இடையர்களின் கதையைச் சொல்லுங்கள். பிள்ளை வியந்து நோக்கும் கணத்தில் படம் எடுங்கள். கமராவைப் பாராத முகமும் அழகிய முகமே. அழத் தொடங்கினால் கருவியை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

குடும்பப் படத்திற்கும் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கும் உள்ள தொடர்பு நெடியது. 1843 ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் என்பவருக்காக ஜோன் ஹோஸ்லி என்னும் ஓவியர் ஒரு வாழ்த்து மடலை வரைந்தார். அச்சிட்டு விற்கப்பட்ட முதலாவது கிறிஸ்மஸ் மடல் அதுவே என்பர். அதன் நடுவே பெரியோரும் சிறியோரும் கூடி விருந்துண்ணும் ஒரு குடும்பம் காணப்படுகின்றது. ஒரு பக்கத்தில் பசித்தோர்க்கு உணவளிக்கும் காட்சி. மறுபக்கத்தில் ஆடையற்றோரை உடுத்துவிக்கும் காட்சி. ஓரங்களில் ஏழைகள் இருந்தமையாலேயே நடுவிலிருந்த மகிழ்ச்சி நிறைவு பெற்றது.

நம் படங்களின் ஓரங்களில் நிற்பவர் யார்? 2008 ஆம் ஆண்டில் மாந்தை மேற்கு மக்கள் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வன்னிக்குள் இடம்பெயர்ந்தனர். குழந்தையைக் கையிலேந்திய மடு அன்னையின் திருச்சொரூபமும் அவ்வாண்டு ஏப்ரலில் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அன்னை ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பினார். மக்களோ 2009 மே மாதம் வரை ஊரூராக அலைந்தனர். அலைந்த வழிகளில் எத்தனை திருமணப் படங்கள், எத்தனை முதல் நன்மைப் படங்கள் மண்ணாயின! காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வீதியோரங்களில் ஏந்தி நின்ற படங்களை நாம் அறிவோம். அவற்றுட் பல, அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்ட சிரிப்பில்லா முகங்கள்.

அத்தகைய ஒரு தாயும் அன்றிரவு குடிலருகே நின்றிருந்தார். விம்மிய பிள்ளையின் கண்களைத் தம் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, என்னிடம், "என்ர மகன் சிரிக்கிற படம் ஒண்டும் என்னட்ட இல்லை, சுவாமி. அழுற படம் இருந்தாலும் காணும்" என்றார். அதைக் கேட்ட தந்தை தலைகுனிந்தார். பின்னர் பிள்ளையைத் தூக்கி அத்தாயின் கைகளில் கொடுத்து, "நீங்களும் எங்களோட நில்லுங்கோ, அம்மா" என்று அழைத்தார். பிள்ளை அந்தப் படத்திலும் சிரிக்கவில்லை. அவரது தோளில் உறங்கிவிட்டிருந்தது.

பெத்லகேமில் நிகழ்ந்தவற்றை அன்னை மரியா தம் உள்ளத்தில் பதித்து வைத்துச் சிந்தித்தார் என்று லூக்கா கூறுகின்றார். எகிப்துக்குத் தப்பியோடிய திருக்குடும்பம் எடுத்துச் சென்ற ஒரே படத்தொகுப்பு அவ்வுள்ளமே. இவ்வாண்டு நத்தார்ப் படத்திற்கு ஆயத்தமாகும்போது, உடன் நிற்க உறவில்லாத ஒருவரையும் அழையுங்கள். அதன் படியொன்றை அவரது வீட்டுச் சுவருக்கும் கொடுங்கள்.

பாலன் இயேசுவின் அமைதி உங்கள் இல்லங்களில் தங்குவதாக!