பத்துப் படியில் இரண்டு கோடி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறுக்குப் போக வேண்டும். இரண்டு ஊரும் கேரளத்தில்தான். ஒன்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா, மற்றது இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தாலுகா. இரண்டு ஊர்க் கடைத்தெருவிலும் தமிழில் விலை கேட்கலாம். ஆனால் கேரள எல்லையைத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தால் திருச்சூர், அங்கமாலி, கோதமங்கலம், அடிமாலி என்று ஊரைச் சுற்றி வர வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பொள்ளாச்சிக்குப் போய், உடுமலை பிடித்து, சின்னாறு காட்டைக் கடந்து, மறையூர் வழியாக மலையேறிவிடுவார்கள். ஒரு கேரளத்து ஊரிலிருந்து இன்னொரு கேரளத்து ஊருக்குக் குறுக்குவழி தமிழ்நாடு.

இது ஓட்டுநர்களுக்குத் தெரிந்ததில் வியப்பில்லை. கைப்பேசிக்கு எப்படித் தெரிகிறது? வழியில் 20 கவர் ரோடுகள், ஒவ்வொன்றிலும் இடமா வலமா என்று இரண்டே தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வழிகளையும் அளந்து பார்த்துச் சிறியதை எடுக்கலாம் என்றால், அளக்க வேண்டியவை 10,48,576 வழிகள். இன்னும் ஒரு கவர் ரோடு கூடினால் இதுவே இரட்டிப்பாகும். நிஜ வரைபடத்தில் சந்திப்புகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. உலகத்துக் கணினிகளையெல்லாம் கூட்டி உட்கார வைத்தாலும் அந்தக் கணக்கு முடியாது.

1956-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர், மணமுடிக்க இருந்த பெண்ணோடு ஆம்ஸ்டர்டாமில் கடைகளுக்கு அலைந்து களைத்துப்போய், ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தார். 20 நிமிடத்தில், காகிதமோ பென்சிலோ இல்லாமல், மனத்துக்குள்ளேயே இதற்கு ஒரு வழி கண்டார். 1959-இல் அது கட்டுரையாக வந்தது. யோசனை எளிமையானது: புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் உள்ள சந்திப்பை முதலில் தீர்த்துவிடு. பிறகு அடுத்த அருகாமை. ஒருமுறை தீர்த்த சந்திப்பைத் திரும்பத் தொடாதே. பொள்ளாச்சிக்கு இவ்வளவு என்று உறுதியான பிறகு, பொள்ளாச்சிக்கு வேறு எப்படியெல்லாம் வரலாம் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு சந்திப்பும் ஒரே ஒரு தடவை தீர்கிறது. பத்து லட்சம் வழிகள் இருந்த இடத்தில் சில பத்துக் கணக்குகளே மிஞ்சுகின்றன.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எந்தச் சாலையின் நீளமும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது. மேலே போகலாம், எவ்வளவு வேண்டுமானாலும். மறையூர் ரோட்டில் படையப்பா நின்றுகொண்டிருந்தால் அந்தச் சாலையின் நீளம் முடிவிலி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். (ரஜினி படத்தின் பெயரைத் தாங்கிய காட்டுக்கொம்பன் அது. மூணாறு பக்கம் பஸ்ஸை நிறுத்தும் அதிகாரம் போலீசைவிட அதற்குத்தான் கூடுதல்.)

எங்கள் எல்லையோரத்துப் பிள்ளைகள் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்கும்போது, வீட்டில் ஒரே பேச்சுத்தான்: "கம்ப்யூட்டர் படிக்கப் போறா." கம்ப்யூட்டரை யாரும் படிப்பதில்லை. ஒரு வேலைக்கு எத்தனை படி ஆகும், அதை எப்படிக் குறைப்பது என்பதைத்தான் நான்கு வருடமும் படிக்கிறார்கள். அதற்குப் பெயர் கணிதம். முதல் செமஸ்டரிலேயே இது புரிந்துவிடுகிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். பைத்தான் படித்தால் போதும் என்று வருகிறவர்கள், அணிகளும் நிகழ்தகவும் தனிநிலைக் கணிதமும் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து, ஏதோ தவறான வகுப்பில் நுழைந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள்.

நானும் அப்படி நினைத்தவள்தான். பத்தாம் வகுப்புவரை எனக்குத் தமிழில் கணக்கு. கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ்வழி உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளே தமிழில் வரும். 2024-இல் ஏழாம் வகுப்புக் கணினிப் புத்தகத்தில் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தபோதும் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று நான்கு வழியிலும் அச்சிட்டார்கள். முகத்தைப் பார்த்துச் சிரிப்பா, கோபமா என்று ஏழு பாவங்கள்வரை கண்டுபிடிக்கும் நிரலை அதில் பிள்ளைகளே செய்கிறார்கள். பத்தாம் வகுப்புவரை எல்லாம் சரி. பிளஸ் ஒன் அறிவியலில் புத்தகம் ஆங்கிலமாகிவிடும், வகுப்பு பாதி மலையாளமாகிவிடும். கல்லூரியில் முதல் வாரம் ஆசிரியர் பலகையில் ஒரு செவ்வகத்தை வரைந்து, எண்களை வரிசை வரிசையாக எழுதி, "மேட்ரிக்ஸ்" என்றார். நான் விழித்தேன். பக்கத்தில் மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்த தோழி காதோரம், "இது நம்ம அணிதான்டி" என்றாள். அரை நிமிடத்தில் பயம் போய்விட்டது. அன்றைக்கு இரவு இரண்டு பேரும் ஒரு நோட்டின் பின்பக்கத்தில் பட்டியல் போட ஆரம்பித்தோம். சார்பு என்றால் ஃபங்ஷன். பகா எண் என்றால் பிரைம், மலையாளத்தில் அபாஜ்ய சங்க்ய. கூட்டுத்தொடரை அவர்கள் சமாந்தர சிரேணி என்பார்கள். சராசரி மட்டும் இரண்டு மொழியிலும் சராசரியே. ஒரே பொருளுக்கு மூன்று பெயர் தெரிந்திருப்பது அப்போது சுமையாக இருந்தது. பின்னாளில் நிரல் எழுதும்போதுதான், பெயர் வேறு பொருள் வேறு என்று பிரித்துப் பார்ப்பதே அங்கே பாதி வேலை என்று தெரிந்தது.

2015-இல் பாலக்காடு ஐ.ஐ.டி. தொடங்கியபோது, 120 மாணவர்களோடு முதல் வகுப்புகள் நடந்தது எங்கள் பக்கத்துக் கோழிப்பாறையில், ஒரு தற்காலிக வளாகத்தில். வேலந்தாவளம் சோதனைச்சாவடி அங்கிருந்து அதிக தூரமில்லை. டீக்கடைப் பேச்சு தமிழ். சிவில், எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கலோடு கணினி அறிவியலும் அந்த நான்கு பாடப்பிரிவுகளில் ஒன்று. பிறகு கஞ்சிக்கோட்டில் சொந்த இடம் வந்தது. அங்கே ஒரு வளாகத்துக்கு நிளா என்றும் இன்னொன்றுக்குச் சஹ்யாத்ரி என்றும் பெயர். இந்த நிளா என்ற பெயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நிளா என்பது பாரதப்புழை. ஆனைமலையில் பிறந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே ஓடி, பொன்னானியில் கடலைத் தொடுகிறது. 1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரி இதன் கிளையாற்றின் கரையில்தான் நிற்கிறது. கணிதத் துறையும் தமிழ்த் துறையும் அங்கே ஒரே வளாகம். ஆறு கடலை நெருங்கும் இடத்தில், ஆலத்தியூர், திருக்கண்டியூர் என்ற ஊர்களில், 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஒரு கணிதப் பரம்பரை இருந்தது. பரமேஸ்வரன், நீலகண்ட சோமயாஜி, ஜ்யேஷ்டதேவன். இவர்களுக்கெல்லாம் மூலவர், 14-ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராம மாதவன். அவர் ஊர் இரிஞ்சாலக்குடா பக்கம் என்பார்கள். வட்டம் பற்றி அவர் எழுதிய நூல் கிடைக்கவில்லை. சீடர்களும் சீடர்களின் சீடர்களும் சொன்னதை வைத்துத்தான் நமக்கு அவரைத் தெரியும்.

மாதவன் கண்டது இது. ஒன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழி, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டு, ஏழில் ஒரு பங்கைக் கழி என்று ஒற்றைப்படை எண்களைப் பிடித்துக்கொண்டே போனால், கிடைப்பது பையின் (π) கால் பங்கு. ஐரோப்பாவில் கிரெகரியும் லைப்னிட்ஸும் இதை எட்டியது 1670-களில். கணினி வகுப்பில் லூப் சொல்லிக்கொடுத்தவுடன் கொடுக்கும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. ஐந்தாறு வரி நிரல். எழுதி ஓட்டினால், பத்து உறுப்புகளுக்கு 3.0418 வருகிறது. நூறு உறுப்புக்கு 3.1316. ஆயிரத்துக்கு 3.1406. பிள்ளைகளின் முகம் விழுந்துவிடும். பள்ளியில் 22/7 என்று போட்டாலே 3.1429 வந்ததே! சரியான சூத்திரம்தான், ஆனால் நத்தை. ஒரு தசம இடம் கூடுதலாக வேண்டுமென்றால் பத்து மடங்கு வேலை. பத்து இடம் சரியாக வர ஏறக்குறைய ஆயிரம் கோடி உறுப்புகள் வேண்டும்.

கையால் கூட்டியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? அங்கேதான் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். எங்கே நிறுத்துகிறோமோ அங்கே, மிச்சமிருக்கும் முடிவில்லாத வாலுக்குப் பதிலாக ஒரே ஒரு திருத்தத்தைச் சேர்த்துவிடுவது. அந்தத் திருத்தத்தில் மூன்று நிலைகள் இருக்கின்றன, ஒன்றைவிட ஒன்று நுட்பமானவை. நான் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பத்து உறுப்புகள் கூட்டிய தொகை 0.7604599047. மூன்றாம் திருத்தத்தின்படி சேர்க்க வேண்டியது: உறுப்பெண்ணின் வர்க்கத்தோடு ஒன்று, அதாவது 101, அதை வகுக்க வேண்டியது, உறுப்பெண்ணை அதன் வர்க்கத்தின் நான்கு மடங்கோடு ஐந்து சேர்த்ததால் பெருக்கிய தொகை, அதாவது 10 தடவை 405, 4050. 101-ஐ 4050-ஆல் வகுத்தால் 0.0249382716. கூட்டி நான்கால் பெருக்கினேன். 3.1415927052. உண்மையான பை 3.1415926536. முழுதாக்கிப் பார்த்தால் ஏழாம் தசம இடம்வரை சரி! திருத்தம் இல்லாமல் வெறும் லூப்பை ஓட்டி இதே துல்லியத்துக்கு வர ஏறத்தாழ இரண்டு கோடி உறுப்புகள் கூட்ட வேண்டும். பத்துப் படி, ஒரு திருத்தம். டைக்ஸ்ட்ரா பொள்ளாச்சியைத் தீர்த்துவிட்டு அடுத்ததைப் பார்த்தாரே, அதே சிக்கனம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்குகளுக்கெல்லாம் நிரூபணத்தை ஒன்றுவிடாமல் விளக்கி ஜ்யேஷ்டதேவன் 1530 வாக்கில் எழுதிய யுக்திபாஷை, சமஸ்கிருதத்தில் இல்லை. மலையாள உரைநடை. முடிவிலித் தொடரைத் தாய்மொழியில் நிரூபித்துக் காட்டியாயிற்று, ஐந்நூறு வருடம் ஆகப்போகிறது. உயர்கணிதம் ஆங்கிலத்தில்தான் ஓடும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த நூல்தான் ஞாபகம் வரும். இதைப் பற்றி வெளியுலகுக்கு ஆங்கிலத்தில் சொன்ன சார்லஸ் விஷ், அன்றைய மலபாரில் வேலை பார்த்த கும்பினி அதிகாரி. கட்டுரை 1834-இல் வந்தது. நீண்ட காலம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். நீலகண்டரின் காலத்தில் சுந்தரராஜன் என்று தமிழ்நாட்டில் ஒரு வானியல் கணிதர். வாக்கிய கரணம் என்ற பஞ்சாங்கக் கணித நூலுக்கு உரை எழுதியவர். அவர் தம் சந்தேகங்களை எழுதிக் கேட்க, நீலகண்டர் பதில் எழுதினார். அந்தக் கேள்வி பதிலே ஒரு நூலாக இருந்திருக்கிறது. இப்போது இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரிசியும் மாடும் மட்டும் போகவில்லை.

வாக்கியம் என்பது அந்த வட்டாரத்துக் கணிதர்களின் தரவுத்தளம். நிலவு எந்த நாளில் எந்த இடத்தில் இருக்கும் என்ற எண்களை எழுத்துகளாக மாற்றி, எழுத்துகளைச் சொற்றொடர்களாக்கி, மனப்பாடம் செய்துவிடுவது. க, ட, ப, ய நான்குக்கும் மதிப்பு ஒன்று. அதனால் முறைக்கே கடபயாதி என்று பெயர். இதில் தமிழ் எழுத்துக்கு ஒரு சங்கடம். வடமொழியின் நான்கு ககரங்களுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தனித்தனி மதிப்பு; நம்மிடம் இருப்பதோ ஒரே க. தமிழ் எழுத்தில் எழுதினால் எண் தொலைந்துபோகும்.

ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-இல் சென்னையில் அச்சிட்ட காலசங்கலிதத்தில், புதுச்சேரியில் தான் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களுக்கான சொற்களை வாயில் முணுமுணுத்து, தாளில் ஓர் எழுத்தும் எழுதாமல் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அந்த வருடம் மே 31, ஜூன் 1 இரவின் கிரகணம். தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு, நடுவில் 23, முடிவில் 52. வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகெபாவர் 1952-இல் இதைத் திரும்ப எடுத்துப் பேசினார். பெரிய கணக்கை ஒவ்வொரு தடவையும் போடுவதற்குப் பதில், விடைகளை முன்கூட்டியே நினைவில் அடுக்கி வைத்துக்கொள்வது. இன்று மூன்றாம் செமஸ்டரில், நினைவகத்தைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் வித்தை என்று இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சோழிக்குப் பதில் ஹேஷ் டேபிள்.

இந்த வித்தைகளையெல்லாம் மூணாறில் 2000-இல் வந்த பொறியியல் கல்லூரியிலும், அதே ஆண்டு பைனாவில் தொடங்கிய இடுக்கி அரசுப் பொறியியல் கல்லூரியிலும் படித்து வருகிறவர்களின் சான்றிதழில் இப்போது இருப்பது ஒரு ராமேஸ்வரத்துக்காரர் பெயர். கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அப்துல் கலாம் பெயரில் இருக்கிறது. இதில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

எங்கள் எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. கணினிக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு யூனிகோடு எண். தமிழ் ழகரத்துக்கு 2996. மலையாள ழகரத்துக்கு 3380. இடைவெளி 384. ககரத்துக்கும் அதே 384. அகரத்துக்கும் 384. இந்திய எழுத்துகளை ஒரே அச்சில் அடுக்கிய பழைய இஸ்கி முறையிலிருந்து யூனிகோடு கடன் வாங்கியதால் வந்த ஒழுங்கு இது. ஆக, தமிழ்ப் பஸ் போர்டை மலையாளப் போர்டாக்க, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே ஒரு கூட்டல் போதும். மூன்று வரி நிரல்.

போன மாதம் ஒரு பெண் இதை எழுதி, பாலக்காடு என்று தட்டினாள். மலையாளத்தில் வந்தது, கடைசியில் உகரம் மட்டும் முழுசாக நீண்டு நின்றது. அவர்கள் அங்கே சந்திரக்கலைதான் போடுவார்கள். சரி, ஓர் இஃப் சேர்க்கலாம் என்றாள். அடுத்து மூணாறு. நிரல் தந்தது டண்ணகரமும் றுவும் போட்ட ஒரு மூணாறு. மலையாளத்துக்காரர்கள் எழுதுவதோ இரட்டை நகரமும் கடைசியில் ஒற்றை ரகரச் சில்லும் வைத்த மூன்னார். ஊர் ஒன்று, எழுத்து வேறு. அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, இதுக்கு ஃபார்முலா இல்லே, ஊர்ப் பேரையெல்லாம் பட்டியல் போட்டு வெச்சுக்கணும்" என்றாள். நான் சோழிக்காரரைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.