5 விநாடியில் ஆட்டம் தலைகீழ்! பந்தைப் பறித்தார் பேர்ட்

கூடையில் பந்து போட்டால்தான் வெற்றியா? பறித்தும் ஜெயிக்கலாம்!

1987 மே 26. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். கிழக்குப் பிரிவு கூடைப்பந்து இறுதிச் சுற்றின் 5-வது ஆட்டம். இரு அணிக்கும் தலா 2 வெற்றி.

டெட்ராய்ட் 107, பாஸ்டன் 106. மீதி 5 விநாடி. பந்தும் டெட்ராய்ட் கையில். சற்று முன்தான் பாஸ்டன் வீரர் லாரி பேர்ட் எறிந்த பந்து தடுக்கப்பட்டிருந்தது. "அவ்வளவுதான், கதை முடிஞ்சுது" என்றுதான் யாரும் சொல்வார்கள்.

பேர்ட் தலையில் கை வைத்து நிற்கவில்லை. கோட்டுக்கு வெளியே இருந்து ஐசையா தாமஸ், கூட்டாளி லாம்பீருக்குப் பந்தை வீசினார். பேர்ட் குறுக்கே பாய்ந்து "லபக்"கென்று பறித்தார்! ஓடிவந்த டென்னிஸ் ஜான்சனிடம் தள்ளினார். அவர் கூடையில் போட்டார். மீதி 1 விநாடி!

பாஸ்டன் 108, டெட்ராய்ட் 107.

அந்தச் சுற்றை 4-3 என்று பாஸ்டன் ஜெயித்தது. வித்தியாசம் ஒரே ஒரு ஆட்டம். அந்த ஒரு பறிப்பு!